இரு கண்ணாடிகள்

‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு’ என்பது நம் முன்னோர் வாய்மொழி. இதன் முற்பாதியை நாம் அனைவரும் மறவாது கடைப்பிடிக்கிறோம். பிறந்த ஊரை விட்டு வந்து வேறு மொழி வழங்கும் மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு அது ஒரு பாதுகாப்பும் ஆகும். பிற்பாதியைத் தொழிலாகவே மேற்கொண்டவர் பத்திரிகையாளர். ஊர் முழுவதும் ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் தனியே போகிற ஒருவனை நிறுத்தி, ‘உன் காரணம் யாது?’ என்று கேட்டு எழுதுவது அவர் கடமை.

இன்று அக்கடமையைப் பெரும்பாலும் தொலைக்காட்சியே செய்கிறது. வீட்டில் பெரியோர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் செய்திகளும் இரவு உணவு வேளையில் கூடத்துக்குள் வந்துவிடுகின்றன. மனநோய், கைம்பெண் படும் பாடு, சாதி கலந்த மணம், திருநங்கையர் வாழ்வு ஆகியவற்றை எல்லாம் அத்திரை பேசுகிறது. இதனைப் புதுமை என்று வியப்பாரும் உளர், கேடு என்று வெறுப்பாரும் உளர். ஆயினும் பேசத் தகாதது என்று ஊர் ஒதுக்கியதைப் பேசிய வரலாறு தொலைக்காட்சியோடு தொடங்கியதன்று. அவ்வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நாம் குடியிருக்கும் விழிஞ்ஞத்தைச் சுற்றியுள்ள மண்ணிலேயே எழுதப்பட்டன. அவற்றை நம் குடும்பத்தார்க்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழிஞ்ஞம் பழம்பெரும் துறைமுகம். ஆய் மன்னர்களின் கோட்டையும் துறையும் இங்கே இருந்தன. பாண்டியன் நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டில் இதனை வென்ற செய்தியைச் செப்பேடு கூறும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தால் இப்பெயர் மீண்டும் உலகெங்கும் பரவியுள்ளது. ஆனால் நாம் இங்குக் காண வேண்டியவை கப்பல்கள் அல்ல. கிழக்கே அடுத்திருக்கும் வெங்ஙானூரில் ஓடிய ஒரு வில்வண்டியும், அதற்கும் அப்பால் நெய்யாற்றின்கரையில் பிறந்த ஒருவரின் பேனாவுமே நாம் காண வேண்டியவை.

அரண்மனைக்கு எதிரே பிடித்த கண்ணாடி

நெய்யாற்றின்கரையில் 1878ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் கே. இராமகிருஷ்ண பிள்ளை பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டம் பெற்ற ஒருவர்க்கு அரசாங்க உத்தியோகம் கைக்கெட்டிய கனி. அவரோ அதனை நாடாமல் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 1899இல் அவர் ஆசிரியராக அமர்ந்த ஏட்டின் பெயர் ‘கேரள தர்ப்பணம்’. தர்ப்பணம் என்றதும் அமாவாசை நீர்க்கடனே நம் நினைவுக்கு வரும். இங்கே அச்சொல்லுக்குக் கண்ணாடி என்பது பொருள். பின்னர் ‘கேரள பஞ்சிகை’, ‘மலையாளி’ முதலிய ஏடுகளிலும் அவர் பணியாற்றினார்.

இஃது இவ்வாறிருக்க, வக்கம் என்னும் ஊரினரான அப்துல் காதர் மௌலவி 1905ஆம் ஆண்டு சனவரி மாதம் அஞ்சுதெங்கிலிருந்து ‘சுதேசாபிமானி’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி தருவித்ததும், ராய்ட்டர் நிறுவனத்தின் தந்திச் செய்திகளுக்கு ஏற்பாடு செய்ததும் அக்காலத்தில் ஒரு தனி மனிதர் செய்த பெருஞ்செலவு. 1906இல் இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். மறு ஆண்டு ஏடு திருவனந்தபுரத்துக்கே வந்து சேர்ந்தது. முதலைப் போட்டவர் ஒரு முஸ்லிம் பெரியார், எழுதியவர் ஒரு நாயர் இளைஞர். முதலாளி ஆசிரியரின் எழுத்தில் குறுக்கிட்டதில்லை என்பது இன்றைய பத்திரிகை உலகமும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத் திருவிதாங்கூரில் மன்னரைப் பற்றியும் திவானைப் பற்றியும் குறை பேசுவதே பெரிய விலக்கு. மன்னர் தெய்வத்தின் பிரதிநிதி என்பது நாட்டு நம்பிக்கை. இராமகிருஷ்ண பிள்ளை அந்நம்பிக்கையையே கேள்விக்கு உள்ளாக்கினார். அலுவலர் கைக்கூலியையும், அரண்மனைக்கு வேண்டியவர்களின் செல்வாக்கையும், திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் வாரந்தோறும் கண்டித்து எழுதினார்.

1910ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26ஆம் நாள் மன்னரின் ஆணை பிறந்தது. ஏடு தடை செய்யப்பட்டது. அச்சுக்கூடம் கைப்பற்றப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டார். விசாரணையோ வழக்கோ ஒன்றும் இல்லை. அன்று திருவனந்தபுரத்துக்கு இருப்புப்பாதை கிடையாது. கொல்லத்திலிருந்து வண்டி இங்கு வந்தது 1918இல்தான். ஆகவே காவலர் அவரைச் சாலை வழியாக நாகர்கோவிலைக் கடந்து ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டனர். எல்லை தாண்டிய அவரை முதலில் ஏற்றது நம் திருநெல்வேலிச் சீமை. இன்று நம்மில் பலர் விடுமுறைக்கு ஊர் செல்கையில் ஆரல்வாய்மொழி நிலையத்தைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்து போகிறோம். அவ்விடத்துக்கு இப்பக்கம் ஒருவர் அதன்பின் உயிரோடு திரும்பவே இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சென்னை, பாலக்காடு எனப் பல ஊர்களில் வாழ்ந்து இறுதியில் அவர் கண்ணூரை அடைந்தார். அந்த ஆறாண்டுக் காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1912இல் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ‘விருத்தாந்த பத்திரப் பிரவர்த்தனம்’ என்னும் நூலை எழுதினார். அதே ஆண்டில் கார்ல் மார்க்சின் வரலாற்றை மலையாளத்தில் தந்தார். 1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள், நாற்பது வயது நிரம்பும் முன்பே, நோயால் மறைந்தார். அவர் மனைவியார் பி. கல்யாணி அம்மா ஆசிரியைப் பணி செய்து குடும்பத்தைத் தாங்கியவர். கணவரோடு வாழ்ந்த காலத்தை ‘வியாழவட்ட ஸ்மரணைகள்’ என்னும் நூலில் அவர் எழுதி வைத்தார்.

கண்ணாடியில் விழாத தெரு

இதுவரை கூறியது பலரும் அறிந்த வீர வரலாறு. இனிக் கூறப்போவது விழாக் கூட்டங்களில் மிகுதியும் சொல்லப்படாதது.

இராமகிருஷ்ண பிள்ளை பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள், வெங்ஙானூரில் புலையர் குடியில் அய்யன்காளி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு மூடியிருந்தது. பொதுச்சாலையும் மூடியிருந்தது. புலையர் முழங்காலுக்குக் கீழே ஆடை தழைய உடுக்கலாகாது, மேலாடை அணியலாகாது, சந்தைக்குள் நுழையலாகாது என்பன அக்கால வழக்கங்கள். 1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, மாட்டுக் கழுத்து மணி ஒலிக்கப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். வண்டியில் ஏறிப் போவது குற்றமா என்று வாயால் கேட்கவில்லை, சக்கரத்தால் கேட்டார். சில ஆண்டுகளுக்குப் பின்னர் அவரும் தோழர்களும் பாலராமபுரம் சாலியர் தெரு வழியே நடந்தபோது எதிர்ப்போர் வழிமறித்தனர். இருபுறமும் இரத்தம் சிந்திற்று.

1904இல் வெங்ஙானூரில் தம் பிள்ளைகளுக்கென அவர் எழுப்பிய பள்ளியை எதிர்ப்போர் அழித்தனர். அது மீண்டும் எழுப்பப்பட்டது. 1907இல் ‘சாதுஜன பரிபாலன சங்கம்’ தோன்றிற்று. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையாயின் உங்கள் வயல்களில் எங்கள் உழைப்பும் இல்லை என்று உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ ஓராண்டு வயல்களில் புல் முளைத்தது. அந்நாளில் பட்டினி கிடந்தோர்க்குத் தம் படகுகளில் இடமும் பங்கும் தந்து உதவியவர் இவ்விழிஞ்ஞத்துக் கடற்றொழிலாளரே. நாம் நாள்தோறும் மீன் வாங்கும் கரைக்கு அப்படியொரு பெருமை உண்டு.

இப்போராட்டத்தின் பயனாகப் புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணையிட்டது. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றபோது, அவள் அமர்ந்த பள்ளிக்கே தீ வைத்தனர். எரிந்து எஞ்சிய பலகை ஒன்று இன்றும் அப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. அரசு 2022இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது.

இந்நிலையில் நாட்டின் அஞ்சா நெஞ்சப் பத்திரிகை என்ன எழுதிற்று? 1910ஆம் ஆண்டு ‘சுதேசாபிமானி’ இவ்வாணையை எதிர்த்தது. தலைமுறை தலைமுறையாக அறிவை உழுதவர் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்ப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்னும் கருத்துப்பட அதன் ஆசிரியர் எழுதினார். அவ்வாணையைச் செயற்படுத்த முனைந்தவரோ, எந்தத் திவானை அவர் கொடுங்கோலர் என்று சாடினாரோ அதே இராஜகோபாலாச்சாரி. நாடு கடத்திய கையே பள்ளிக் கதவைத் திறந்தது. விடுதலைக்காக எழுதிய கையே அக்கதவை மூடச் சொல்லிற்று. வரலாறு சில வேளைகளில் நம் விருப்பத்துக்கு இணங்க நல்லவர், தீயவர் என இரண்டு வரிசையில் நிற்பதில்லை.

இதனால் இராமகிருஷ்ண பிள்ளையின் தியாகம் பொய்யாகிவிடுமா? ஆகாது. உத்தியோகம், வீடு, ஊர், உடல்நலம் அனைத்தையும் ஓர் ஏட்டுக்காக இழந்தவர் அவர். திருவனந்தபுரத்தில் நிற்கும் அவர் சிலைக்கு நாம் மாலையிடுவது தகும். ஆனால் மாலையிடுவோர் ஓர் உண்மையையும் உணர்தல் வேண்டும். அரசனுக்கு அஞ்சாதவர்க்கும் தம் வீட்டு வழக்கம் தெரியாமற் போகலாம். அரண்மனை தொலைவில் உள்ளது, அதன் அழுக்கு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாம் பிறந்து வளர்ந்த திண்ணையின் அழுக்கோ நமக்கு நிறமாகவே பழகிவிடுகிறது. கண்ணாடி பிடிப்பவர் முகம் அக்கண்ணாடியில் விழுவதில்லை.

தம் முகம் பார்த்தவர்கள்

அப்படியானால் தம் பக்கம் கண்ணாடியைத் திருப்பியவர் எவரும் இல்லையோ எனின், உளர். முதலாமவர் வக்கம் மௌலவியே. அச்சுக்கூடம் பறிபோனபின் அவர் தளர்ந்துவிடவில்லை. ‘முஸ்லிம்’, ‘அல் இஸ்லாம்’, ‘தீபிகை’ ஆகிய ஏடுகளின் வாயிலாகத் தம் சமுதாயத்தாரையே நோக்கிப் பேசினார். பெண்களுக்குக் கல்வி வேண்டும், புதிய அறிவு வேண்டும், பொருளற்ற சடங்குகள் ஒழிய வேண்டும் என்று 1932இல் மறையும்வரை வற்புறுத்தினார். திவானைச் சாடும் ஏட்டுக்கு ஊரில் கைதட்டல் கிடைக்கும். சொந்த உறவினரின் வழக்கத்தைச் சாடும் ஏட்டுக்குச் சந்தாவும் குறையும், அழைப்பும் குறையும்.

இரண்டாமவர் ‘சுபாஷிணி’ ஆசிரியர் பி.கே. கோவிந்த பிள்ளை. இவரும் நாயர் குடியினர். ஸ்ரீமூலம் பிரஜாசபையில் புலையருக்காகப் பேசிய இவர், அம்மக்களுக்காக அவர்களுள் ஒருவரே பேசுதல் வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக அய்யன்காளி அச்சபையில் உறுப்பினரானார். பிறர்க்காகப் பேசுவது நன்று. அவரே பேசத் தாம் இடம் விட்டு ஒதுங்குவது அதனினும் நன்று.

மூன்றாவதாக, பாதிக்கப்பட்டோரே பேனா பிடித்த வரலாறு உண்டு. இதில் நம் தமிழகத்துக்குத் தனிச் சிறப்பு. வெங்ஙானூரில் வில்வண்டி ஓடிய அதே 1893இல், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே ஓர் ஏட்டைத் தொடங்கினார். ஊர் இழிசொல்லாக வழங்கிய பெயரை முகப்பில் அச்சிட்டதே ஒரு விலக்கை உடைத்த செயல். சாதுஜன பரிபாலன சங்கம் தோன்றிய அதே 1907இல், அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளியிட்டார். அய்யன்காளியின் சங்கமும் ‘சாதுஜன பரிபாலினி’ என்னும் ஏட்டை நடத்திற்று.

1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கே வந்து அய்யன்காளியைக் கண்டார். 1941இல் அய்யன்காளி மறைந்தார்.

திரையில் வந்த கண்ணாடி

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1993இல் தொடங்கிய ஏசியாநெட் மலையாளத்தின் முதல் தனியார் அலைவரிசை. அதில் பல்லாண்டுகள் வாரந்தோறும் வந்த நிகழ்ச்சி ஒன்றின் பெயர் ‘கண்ணாடி’. நடத்தியவர் டி.என். கோபகுமார். ‘கேரள தர்ப்பணம்’ தோன்றிய நூறாண்டுக் காலத்தில் அதே பொருளுள்ள பெயர் திரையில் வந்தது. இரண்டுக்கும் இடையே எவரும் திட்டமிட்ட தொடர்பில்லை. ஆயினும் பொருத்தம் தெளிவு.

கோபகுமார் நம் குமரி மாவட்டத்துச் சுசீந்திரத்தில் பிறந்தவர், அக்கோயிலோடு தொடர்புடைய வட்டப்பள்ளி மடத்தைச் சேர்ந்தவர். சுசீந்திரம் எத்தகைய ஊர் என்பதை நாம் அறிவோம். வைக்கம் போராட்டத்துக்குப் பின், 1926இல், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்த ஊர் அது. யார் எத்தெருவில் நடக்கலாம் என்ற கேள்வியைச் சுமந்த அத்தகைய ஊரில் பிறந்த ஒருவர், நடக்க இடமின்றி ஒதுக்கப்பட்டவர்களைத் தேடித் தம் கருவியோடு போனார். தீராத நோயாளிகள், கைவிடப்பட்ட முதியோர், வறுமையால் மறைந்து வாழ்வோர் ஆகியோரின் முகங்களை அந்நிகழ்ச்சி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பார்த்தவர்கள் கண்ணீரோடு நில்லாமல் பணமும் அனுப்பினர். 2016ஆம் ஆண்டு சனவரி மாதம் 30ஆம் நாள் அவர் திருவனந்தபுரத்தில் காலமானார்.

தமிழ்த் திரையும் பின்தங்கவில்லை. விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’ என்னும் நிகழ்ச்சியை ரோஸ் என்னும் திருநங்கை நடத்தி, வீடுகளில் பேசாப் பொருள்களைப் பேசினார். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கோயம்புத்தூர் லோட்டஸ் அலைவரிசையில் பத்மினி பிரகாஷ் என்னும் திருநங்கை செய்தி வாசித்தார். அவர் வாசித்தது அன்றாடச் செய்திதான். ஆனால் வாசித்தவர் அங்கு அமர்ந்ததே அன்றைய பெருஞ்செய்தி. பிரஜாசபையில் அய்யன்காளி அமர்ந்ததும் இத்தகையதே.

நமக்கு என்ன?

இவ்வரலாற்றால் நமக்கு ஆவது யாது என்று சிலர் வினவலாம். திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் தமிழர் ‘பரதேசி’ எனப்பட்டனர். 1891ஆம் ஆண்டின் மலையாளி மெமோரியல் என்னும் விண்ணப்பம், உயர் உத்தியோகங்கள் வெளியார்க்கே போகின்றன என்ற குறையால் எழுந்ததே. ஆதலால் பிறர் தம்மை ஒதுக்கினால் எப்படியிருக்கும் என்பதைக் குடிபெயர்ந்த நாம் ஓரளவு அறிவோம். அறிந்த நாமே ஊரிலிருந்து மொழியையும் பண்டிகையையும் மட்டும் கொண்டு வந்தோமா, வேறு சிலவற்றையும் மூட்டையில் கட்டி வந்தோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேடையில் சமத்துவம் பேசுவது எளிது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை உண்டா, கணவரை இழந்த சகோதரி நம் விழாவில் குத்துவிளக்கேற்ற அழைக்கப்படுகிறாரா, சாதி மாறி மணந்த பிள்ளையின் பெயர் நம் வாழ்த்துப் பட்டியலில் வருகிறதா, மனநலம் குன்றிய மகனை விருந்தினர் வரும்போது உள்ளறையில் வைத்துக் கதவை மூடுகிறோமா என்பனவே உண்மையான தேர்வுக் கேள்விகள். இவற்றைக் கேட்கத் திவான் எவரும் தடை செய்யவில்லை. எவரும் நம்மை ஆரல்வாய்மொழிக்கு அப்பால் கொண்டுபோய் விடப் போவதுமில்லை. இருந்தும் நாம் கேட்பதில்லை.

ஆதலின் சங்கத்து நிர்வாகக் குழுவினர்க்கு இரு வேண்டுகோள்கள். ஒன்று, வரும் கோடை விடுமுறையில் நம் குடியிருப்புப் பிள்ளைகளை வெங்ஙானூருக்கும் ஊரூட்டம்பலத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஒருநாள் அழைத்துச் செல்லுதல் நலம். மூன்றும் அருகருகே உள்ளவை, காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பலாம். அந்த எரிந்த பலகையை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு இக்கட்டுரை தேவைப்படாது. மற்றொன்று, இம்மலரில் ஆண்டுதோறும் இரண்டு பக்கங்களையேனும் நம் வீடுகளில் பேசாத பொருளுக்கு ஒதுக்குதல் வேண்டும். எழுதுவோர் விரும்பினால் பெயரின்றியும் எழுதலாம். முதலில் எழுத வருபவர் தனியே ஓடுபவராகத்தான் இருப்பார். அவரை நிறுத்தி, அமர வைத்து, கேட்பது நம் கடமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!